பனி ஊரில் மாங்கன்று: தோட்டம் கேள்வி – பதில்

பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் சென்னையில் என்று இருக்கும் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் மாங்கன்றும் வாழையும் எலுமிச்சையும் அடிக்கடி தலைகாட்டுகின்றன. ஊட்டி, டெல்லி வாசகர்களும் குளிரைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுவதையும் குளிருக்கே ஒதுக்கிவிட்டோம். வெப்ப அளவு எல்லாம் செல்சியஸில்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் மாங்கொட்டை போட்டு முளைக்க வைத்தாள். கோடையில் பால்கனியில் இரண்டடி வளர்ந்தது. அக்டோபரில் உள்ளே எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். வீட்டில் ஹீட்டர் 21 டிகிரியில் ஓடுகிறது. தினமும் தண்ணீர் விடுகிறாள். ஆனாலும் ஜனவரிக்குள் இலை நுனி கருகி, எல்லாம் உதிர்ந்து, குச்சி மட்டும் நிற்கிறது. ஏன்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: தினமும் தண்ணீர் விட்டதுதான் பாதிக் காரணம் அம்மா. மீதிப் பாதி, வெளிச்சம் போதாதது. 21 டிகிரி மாங்கன்றுக்குத் தாராளம். குளிரை இதில் குறை சொல்ல முடியாது.

டிசம்பர் கடைசியில் சென்னையில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும். பகல் பொழுது 11 மணி 20 நிமிடம். அதே நாளில் நியூ ஜெர்சியில் சூரியன் 26 பாகைக்கு மேல் ஏறாது. பகலும் ஒன்பதேகால் மணி நேரம்தான். அந்தச் சாய்ந்த வெயிலும் இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. நம் கண்ணுக்கு அறை பளிச்சென்று தெரியும், கன்றுக்கு அது அந்தி வெளிச்சம். வெளிச்சம் இல்லாத இலை உணவு தயாரிக்காது, நீரையும் அதிகம் இழுக்காது. ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே தங்கி, வேருக்குக் காற்றில்லாமல் அழுகல் தொடங்கும். அழுகிய வேரால் நீரை மேலே ஏற்ற முடியாததால் இலை நுனி காயும். அதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். உள்ளே வைத்த கன்றுகளில் பெரும்பாலானவை இந்தச் சுழலில்தான் போகின்றன.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். நுனியிலிருந்து தொடங்கி, நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம் பிழைத்திருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பார்க்கலாம். பச்சை இருந்தால் கன்றைத் தொட்டியிலிருந்து மெல்ல உருவுங்கள். வெளிர் நிற, உறுதியான வேர் நல்லது. கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உரிந்துவரும் வேரை வெட்டிவிட்டு, மிச்ச வேருக்கு அளவான சிறிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். பெரிய தொட்டி என்றால் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி மறுபடி அதே கதைதான்.

மண் கலவையில் ஒரு எச்சரிக்கை. சென்னையில் நாம் போடும் செம்மண், மணல், தொழு உரக் கலவை அங்கே உள்ளறைக்கு ஆகாது. இங்கே வெயில் ஒரே நாளில் காய வைக்கும். அங்கே குளிர்காலத்தில் பத்து நாள் ஆனாலும் காயாது. பொடியாக நொறுக்கிய பைன் மரப்பட்டை இரண்டு பங்கு, பெர்லைட் (நீர் தேங்காமலிருக்கக் கலக்கும் வெள்ளை நிற, லேசான எரிமலைக் கல் துகள்) ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தால் தண்ணீர் ஊற்றிய கையோடு அடியில் வடியும். வடிந்ததைத் தட்டில் நிற்க விடக் கூடாது.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் விரல் நீளத்துக்குச் செருகி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈரம் ஒட்டியிருந்தால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால், அடியில் வழிகிற அளவுக்கு ஒரே தடவையாக, வெதுவெதுப்பான நீர் விடலாம். ஜனவரியில் இது பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வரும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை உரமே வேண்டாம்.

வெளிச்சத்துக்கு, உண்மையில் 60 முதல் 100 வாட் மின்சாரம் இழுக்கிற வெள்ளை எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு ஒன்று போதும். டப்பாவில் '1000 வாட்' என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், எத்தனை வாட் இழுக்கிறது என்ற வரியைப் பாருங்கள். கன்றின் தலைக்கு மேல் 40 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் வைத்து 12 முதல் 14 மணி நேரம் எரிய விடலாம். 100 வாட் விளக்கு 13 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.3 யூனிட், மாதம் 40 யூனிட் ஆகும். வேறு எதற்குச் செலவு செய்யாவிட்டாலும் இதற்குச் செய்யச் சொல்லுங்கள்.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடுவது உண்டு. தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும், இலை மேல் நீர் தெளிப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. சிறிய ஈரப்பதமூட்டிக் கருவி உதவும். அதைவிட முக்கியம், சூடான காற்று வரும் துவாரத்துக்கு நேராகத் தொட்டியை வைக்காமல் இருப்பது.

கேள்வி: கொட்டை போட்ட மரம் அங்கே காய்க்குமா? ஒட்டுக்கன்று வாங்குவதானால் எந்த ரகம்? அடுத்த மாதம் சிகாகோ போகிறேன். இங்கிருந்து ஒரு கன்று எடுத்துப் போகலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மாம்பழமோ மாங்கொட்டையோ பெட்டியில் எடுத்துப் போக அமெரிக்காவில் அனுமதி இல்லை. கொட்டைக்குள் இருக்கும் மாங்கொட்டை வண்டு அங்கே நுழைந்துவிடக் கூடாது என்பது காரணம். எலுமிச்சை இனக் கன்றும் கறிவேப்பிலைக் கன்றும் கூடவே கூடாது. எலுமிச்சை இன மரங்களை அழிக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் பூச்சி இவ்விரண்டிலும் வாழும். வேறு செடியென்றாலும் மண்ணோடு கொண்டுபோக முடியாது; தாவர நலச் சான்றிதழ் வேண்டும், இறங்கியதும் அதிகாரிகளிடம் சொல்லி, செடியைக் காட்டவும் வேண்டும். சான்றிதழ் தருவது மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம். இத்தனையும் செய்து, வேர் கழுவிய மாங்கன்றை டிசம்பர் குளிரில் இறக்கினால் பிழைப்பது அரிது. புளோரிடா நர்சரிகள் ஒட்டு மாங்கன்றுகளை அஞ்சலில் அனுப்புகின்றன. மே மாதம் வரவழைப்பதுதான் சரி.

கொட்டைக் கன்று காய்க்கும், ஆனால் தாய் மரத்துப் பழம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், நீலம் உட்பட நம் ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே கருதான் இருக்கும்; அது மகரந்தம் கலந்து உண்டான புதுக் கரு. ஒலூர், வெள்ளைக்கொளம்பான் மாதிரிச் சில மேற்குக் கரை ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து பல முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும். அதோடு கொட்டைக் கன்று காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டு ஆகும், அதற்குள் கூரையை முட்டும். தொட்டியில் வளர்ப்பவர் ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும்.

தொட்டிக்கு ஏற்ற குள்ள ரகங்களில் பிக்கரிங், காக்‌ஷால், ஜூலி ஆகியவை அங்கே கிடைக்கும். நம் நாக்குக்குப் பிடித்தது வேண்டுமென்றால் மல்லிகா. நீலத்தையும் தசேரியையும் சேர்த்து டெல்லியில் உருவாக்கிய ரகம். சற்று உயரம் போகும், வெட்டி அடக்கலாம். 20 லிட்டர் தொட்டியில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டில் 60 லிட்டருக்குக் கொண்டுபோனால் போதும். சக்கரம் வைத்த பலகை மேல் தொட்டி இருக்கட்டும். 60 லிட்டர் ஈர மண்ணை ஆண்டுக்கு இரண்டு முறை தூக்குவது முதுகுக்கு ஆகாது. கன்று 70 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிளைத்து வருவதில் மூன்றை மட்டும் விட்டு, ஒவ்வொன்றும் 40 செ.மீ. ஆனதும் மறுபடி கிள்ளினால் குடை போலப் படரும். முதல் ஆண்டுப் பூங்கொத்தை வெட்டி விடுவது நல்லது. விட்டால் அந்தச் சின்னக் கன்று காயைச் சுமக்கப் பார்த்து வளர்ச்சியை நிறுத்திவிடும்.

பூக்க மாமரத்துக்குக் கொஞ்சம் குளிர் உதவும். இரவு 12 முதல் 15 டிகிரி உள்ள அறையில் ஐந்தாறு வாரம் இருந்தால் பூமொட்டு கட்டும். ஆனால் பூ விரிந்த பிறகு அதே குளிர் தொடர்ந்தால் மகரந்தம் வலுவிழந்து பிஞ்சு பிடிக்காது. அப்போது 20 டிகிரிக்கு மேல் வேண்டும். இங்கே மாம்பூவில் ஈக்கள் செய்யும் வேலையை அங்கே மென்மையான தூரிகை கொண்டு, காலை வேளையில், தினமும் நீங்கள் செய்ய வேண்டும். ஜனவரி இருட்டில் பூத்துவிட்டால் தயங்காமல் கொத்தை அடியோடு வெட்டுங்கள். குளிர் மிச்சமிருந்தால் பக்கக் கணுவிலிருந்து மறுபடி பூக்க வாய்ப்பு உண்டு, அதற்குள் வெளிச்சம் கூடியிருக்கும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் தங்கை வீட்டு எலுமிச்சை, டிசம்பர் வந்தால் பச்சை இலைகளையே உதிர்க்கிறது. மஞ்சளாவதுகூட இல்லை. கண்ணாடி அறையில் நல்ல வெயிலில்தான் வைத்திருக்கிறாள்.
– வாசகி, வேளச்சேரி

பதில்: அந்த நல்ல வெயில்தான் இலையைக் கொட்டுகிறது. எலுமிச்சை இன வேர் சுமார் 13 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. கண்ணாடி அறையின் ஓட்டுத் தரையில் இரவெல்லாம் இருந்த தொட்டி காலையில் 6, 7 டிகிரியில் இருக்கும். வெயில் கண்ணாடி வழியாக விழுந்ததும் இலை மட்டும் சூடாகி நீரை ஆவியாக்கும், தூங்கும் வேரால் ஈடுகட்ட முடியாது. மரம் இலையை உதறித் தன்னைக் காத்துக்கொள்கிறது.

இரண்டு வழி உண்டு. இரண்டையும் கலக்கக் கூடாது. ஒன்று, வேர் இலை இரண்டுமே குளிராக: 5 முதல் 10 டிகிரி, நேர் வெயில் படாத இடம், மாதம் ஒன்றிரண்டு முறை சிறிது தண்ணீர். மரம் பிப்ரவரி வரை சும்மா நிற்கும். மற்றது, இரண்டும் சூடாக: தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் தெர்மோகோல் பலகை வைத்து, தேவையானால் விதை முளைக்க வைக்கும் சூட்டு விரிப்பைப் போட்டு, வேர்ப்பகுதியை 16 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். கூடவே விளக்கும் வேண்டும். சமையலறைத் தெர்மாமீட்டரை மண்ணில் 5 செ.மீ. செருகினால் எது நடக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அறையின் சூட்டை அளப்பது இதில் பயன்படாது. லண்டன் வீட்டுக்கு முதல் வழிதான் எங்கள் சிபாரிசு, செலவில்லை.

ரகம் என்ன என்று எழுதவில்லை. மேயர் எலுமிச்சை இந்தக் குளிர்ச்சியைத் தாங்கும். நம் ஊர் ஊறுகாய் எலுமிச்சை அந்த இனத்திலேயே குளிருக்கு மிகவும் நோஞ்சான். அதற்கு இரண்டாவது வழிதான்.

கேள்வி: டொராண்டோவில் வாழை வைக்க முடியுமா? 'பனி தாங்கும் வாழை' என்று ஒன்றை விற்கிறார்களாம்.
– வாசகர், அடையாறு

பதில்: அவர்கள் விற்பது ஜப்பான் நார் வாழை. மேல் தண்டு கருகினாலும், தடித்த மூடாக்குப் போட்டால் கிழங்கு மண்ணுக்குள் பிழைத்து அடுத்த ஆண்டு துளிர்க்கும். ஆனால் பழம் விதையும் சக்கையுமாக இருக்கும், தின்ன முடியாது. இலைக்கும் அழகுக்கும் மட்டும் வாங்கலாம்.

பழத்துக்கென்றால் நம் மோரிஸ் வாழையின் குள்ள உறவான குள்ளக் கேவண்டிஷ். வாழையின் வளர்ச்சி 14 டிகிரிக்குக் கீழே நின்றுவிடும். நம் ஊரில் ஓராண்டில் குலை தள்ளும் மரத்துக்கு, அங்கே ஆண்டுக்கு ஐந்து மாதம்தான் வளர்காலம் என்பதால் இரண்டு மூன்று கோடை வேண்டும். அதனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதே தண்டு உயிரோடு தாண்டியாக வேண்டும். தண்டு செத்துப் பக்கக்கன்று கிளம்பினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பலர் தோற்பது இங்கேதான்: இலை கருகியதும் தண்டைத் தரையோடு வெட்டி விடுகிறார்கள்.

செப்டம்பர் கடைசியில், உறைபனிக்கு முன், குருத்தை மட்டும் விட்டு மற்ற இலைகளை வெட்டுங்கள். கிழங்கைச் சுற்றி 30 செ.மீ. தள்ளித் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, இரண்டு மூன்று நாள் தலைகீழாகச் சாய்த்து வைத்தால் தண்டுக்குள் நிற்கும் நீர் வடியும். பிறகு பக்கக்கன்றுகளைப் பிரித்து, கிழங்கைக் காகிதத்திலும் சாக்கிலும் சுற்றி, 8 முதல் 12 டிகிரி உள்ள நிலவறையில் இருட்டில் நிறுத்தலாம். தண்ணீர் வேண்டாம். மாதம் ஒரு முறை தண்டை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று, நாற்றம் வந்தால் அந்த மட்டைகளை உரித்து, வெள்ளையாகத் தெரியும் வரை போக வேண்டும். ஏப்ரலில் தொட்டியில் நட்டு உள்ளே துளிர்க்க விட்டு, ஜூன் தொடக்கத்தில் வெளியே கொண்டுபோகலாம். வளரும் காலத்தில் வாழைக்குத் தண்ணீரிலும் உரத்திலும் கஞ்சத்தனம் கூடாது, பொட்டாஷ் கூடுதலாக வேண்டும்.

கேள்வி: சிகாகோவில் தென்னை, பலா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: வேண்டாம் ஐயா. தேங்காயை முளைக்க வைத்தால் அதன் உள்ளிருக்கும் உணவில் ஓரிரு ஆண்டு பச்சையாக நிற்கும், தீர்ந்ததும் சாகும். பலா தொட்டிக்கு அடங்காது. நம் பழம் தின்ன வேண்டும் என்ற ஆசைக்கு அத்தியும் மாதுளையும் இருக்கின்றன. இரண்டும் குளிரில் இலை உதிர்த்துத் தூங்குபவை. 0 முதல் 7 டிகிரி வரை உள்ள கார் நிறுத்தும் அறையில், இருட்டில், மாதம் ஒரு டம்ளர் தண்ணீரோடு மார்ச் வரை கிடக்கும். விளக்குச் செலவே இல்லை. அடுத்தது கொய்யா. அதற்குச் சன்னலும் விளக்கும் வேண்டும், ஆனால் மாவைவிடக் குளிர் தாங்கும், தொட்டியில் மூன்றாம் ஆண்டே காய்க்கும்.

கேள்வி: ஊட்டியில் வீட்டுத் தோட்டத்தில் மா, சப்போட்டா கன்று வைத்தோம். டிசம்பரில் உறைபனிக்காக பாலிதீன் பையைத் தலையோடு போட்டுக் கட்டினோம். பையைத் தொட்ட இலைகள்தான் முதலில் கருகின. கன்றுகள் போய்விட்டன. மறுபடி வைக்கலாமா?
– வாசகர், ஊட்டி

பதில்: பாலிதீன் மெல்லியது, சூட்டைத் தடுக்காது. அதன் உட்பக்கம் படியும் நீர் உறைந்து, தொட்ட இலையையும் சேர்த்து உறைய வைக்கும். காலை வெயிலில் அதே பை அடுப்பாகும். இரண்டும் இலைக்குக் கேடு.

உறைபனி எப்படி விழுகிறது என்று தெரிந்தால் காப்பது எளிது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில் நிலத்தின் சூடு நேரே மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் பக்கத்துத் தாழ்ந்த புல்வெளிகள் வெள்ளையாகும் காலையில், மேட்டுச் சரிவில் உள்ள தோட்டம் தப்பிவிடுவது இதனால்தான். ஆகவே கன்று வைக்கும் இடம் பள்ளமாக இருக்கக் கூடாது. கீழ்ப்பக்கம் சுவரோ அடர்ந்த வேலியோ இருந்து குளிர்காற்றைத் தேக்கவும் கூடாது. கல் சுவரின் தென்புறமோ மேற்குப் புறமோ இருந்தால் பகலில் சுவர் வாங்கிய சூடு இரவில் திரும்பக் கிடைக்கும்.

பனி இரவு என்று தெரிந்தால் அன்று காலையே மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். ஈர மண் காய்ந்த மண்ணைவிடப் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். மூடாக்கு இருந்தால் பகலில் ஒதுக்கி, மண்ணில் வெயில் படச் செய்யுங்கள். மாலையில் நான்கு குச்சி நட்டு, அதன் மேல் பழைய போர்வையோ சாக்கோ போட்டு, தரை வரை தொங்க விட வேண்டும். இலையைத் துணி தொடக் கூடாது. தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் மண்ணிலிருந்து எழும் சூடு உள்ளே வராது, மூடியதே வீண். உள்ளே 60 வாட் குண்டு பல்பு ஒன்று, துணியில் படாமல், நல்ல ஹோல்டரில் எரிந்தால் இன்னும் பாதுகாப்பு. எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு வராது. காலை எட்டு, ஒன்பது மணிக்குத் திறந்துவிடுங்கள். ஒட்டுக் கன்றென்றால் ஒட்டுப் பகுதிக்கு மேல் ஒரு சாண் வரை மண் அணைத்து வைத்தால், மேலே கருகினாலும் நல்ல ரகம் அடியில் பிழைக்கும். மார்ச்சில் மண்ணை விலக்க மறக்காதீர்கள். கருகிய கிளையை உடனே வெட்ட வேண்டாம். புதுத் துளிர் எங்கே வருகிறது என்று பார்த்த பிறகே கத்தரி.

இவ்வளவும் செய்து கன்றைக் காப்பாற்றினாலும், ஊட்டியில் மா பழுக்கத் தேவையான பகல் சூடு கிடையாது. 2,240 மீட்டர் உயரத்தில் கோடையிலேயே பகல் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. மாந்தோப்பு லாபமாக நடப்பது 600 மீட்டர் வரைதான். சப்போட்டாவுக்கும் இதே நிலை. போர்வை இரவுக் குளிரைத் தடுக்கும், பகல் சூட்டை அதனால் உண்டாக்க முடியாது. அதனால் மறுபடி வைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மலைச்சாலையில் இறங்கினால் பர்லியாறு, கல்லாறு அரசுப் பழப்பண்ணைகளில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. சில மணி நேரப் பயணத்தில் உயரம் என்ன செய்யும் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

உங்கள் தோட்டத்துக்குப் பிளம்ஸ், பேரி, பீச் இயல்பானவை. மரத்தக்காளியும் பேஷன் பழக் கொடியும் சுவரோரத்தில் நன்றாக வரும். வெப்ப மண்டலச் சுவை வேண்டுமென்றால் வெண்ணெய்ப் பழம் முயலலாம். அதில் மெக்சிகோ இனம் முதிர்ந்த மரமானால் உறைநிலைக்குக் கீழே நான்கைந்து டிகிரி வரைகூடத் தாங்கும், குவாத்தமாலா இனம் அதில் பாதி, மேற்கிந்திய இனம் உறைநிலை தாண்டினாலே கருகும். கன்று வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். நீர் தேங்கும் மண்ணில் வெண்ணெய்ப் பழ மரத்தின் வேர் அழுகும்; மேட்டுப் பாத்தி போட்டே நட வேண்டும்.

கேள்வி: டெல்லியில் ரெட் லேடி பப்பாளி வைத்தோம். குளிர்காலத்தில் பிடித்த காயெல்லாம் கோணலாக, வரி வரியாக, பூனை முகம் மாதிரி இருக்கிறது. நோயா?
– வாசகி, டெல்லி

பதில்: நோய் இல்லை. ரெட் லேடியில் இருபால் பூ உள்ள மரங்கள் உண்டு. பூமொட்டு உருவாகும் வாரங்களில் குளிர் இருந்தால், அதிலும் தழைச்சத்தும் ஈரமும் மிகுந்திருந்தால், மகரந்தக் கேசரங்கள் சூலகத்தோடு ஒட்டி வளர்ந்துவிடும். காய் அந்தக் கோணலிலேயே பெரிதாகும். பெண் மரத்தில் கேசரம் இல்லாததால் இது வராது. கோணல் பிஞ்சுகளைச் சுண்டைக்காய் அளவிலேயே கிள்ளி எறியுங்கள். மார்ச்சுக்குப் பிறகு வரும் பூக்கள் சரியாகிவிடும். நவம்பர் முதல் யூரியா வேண்டாம். பழம் சப்பென்று இருப்பதும் குளிரால்தான். கன்று நடுவதைப் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொண்டால் அடுத்த டிசம்பருக்குள் தண்டு தடித்திருக்கும். இளங்கன்றுக்கு வைக்கோலால் மூன்று பக்கத்தையும் மேற்பக்கத்தையும் மறைத்து, தென்கிழக்கை மட்டும் காலை வெயிலுக்குத் திறந்து விடுவது அங்குள்ள தோட்டக்காரர்களின் பழைய வழக்கம், நம்பிச் செய்யலாம்.

கேள்வி: உள்ளே எடுத்து வைத்த செடிகளில் இலைக்கு அடியில் நூலாம்படையும், தண்டில் பஞ்சு போன்ற வெள்ளையும். மருந்து எது?
– வாசகி, பெரம்பூர் (மகன் வீடு பாஸ்டனில்)

பதில்: நூலாம்படை செஞ்சிலந்தி, பஞ்சு மாவுப்பூச்சி. வறண்ட சூட்டில் செஞ்சிலந்தி சில நாட்களுக்குள் ஒரு தலைமுறை பெருகும். குளியலறையில் தொட்டியைச் சாய்த்து, மண்ணைப் பையால் மூடி, இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். வாரம் ஒரு முறை இதைச் செய்தாலே பாதி போகும். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், 1 மி.லி. திரவ சோப்பு கலந்து இலைக்கு அடியில் தெளிக்கலாம். முட்டைக்கு இது பலிக்காது, ஆகவே ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. தெளித்த அன்று விளக்கை அணைத்து வையுங்கள், எண்ணெய் பட்ட இலை விளக்கடியில் கருகும். மாவுப்பூச்சியைத் தேய்ப்பு ஆல்கஹாலில் (ரப்பிங் ஆல்கஹால்) நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

இதைச் செப்டம்பரில், உள்ளே எடுப்பதற்கு முன்பே செய்துவிட்டால் பெரும் வேலை மிச்சம். தொட்டியை வாளி நீரில் கால் மணி நேரம் முழுக வைத்தால் எறும்பும் வெளியேறும். எறும்பு இருக்கும் வரை மாவுப்பூச்சி ஒழியாது.

கேள்வி: மே மாதம் வெளியே வைத்தவுடன் இலையெல்லாம் வெள்ளையாக வெளுத்துவிட்டது.
– அதே வாசகி

பதில்: வெயில் காயம். உள்ளே வளர்ந்த இலை மெல்லியது, நேர் வெயில் அதற்குப் புதிது. வெளுத்த இடம் மறுபடி பச்சையாகாது, ஆனால் அந்த இலையை வெட்ட வேண்டாம். பச்சை மிச்சமுள்ள பகுதி உணவு தரும். புது இலை வெளி வெயிலுக்கு ஏற்றபடி வரும். அடுத்த ஆண்டு, இரவு தொடர்ந்து 12 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, முதல் வாரம் மரநிழலில் அல்லது வீட்டின் வடபுறத்தில் வையுங்கள். இரண்டாம் வாரம் காலை வெயில் இரண்டு மணி நேரம், மூன்றாம் வாரம் நான்கு மணி நேரம், பிறகு முழு வெயில். மேகம் மூடிய நாளில் தொடங்குவது இன்னும் நல்லது. கறுப்புத் தொட்டியை முழு வெயிலில் வைத்தால் பக்கவாட்டு வேர் வெந்துவிடும், வெள்ளைத் துணியோ வெளிர் நிறப் பெரிய தொட்டியோ சுற்றி இருக்கட்டும். செடியை வெளியே வைத்து இரண்டு வாரம் கழித்து, புதுத் துளிர் விரல் நீளம் ஆன பிறகு, உரத்தைப் பொட்டலத்தில் எழுதியதில் பாதி அளவில் தொடங்குங்கள்.